கம்பியும் காவலும் மையமும்: பாஸ்டன் நகரில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பின் வரலாறு (1852–2013)

ஆய்வுச்சுருக்கம்

பூட்டு, கதவு, காவலர், எச்சரிக்கை மணி, கேமரா ஆகியவற்றால் அமைந்த பௌதிகப் பாதுகாப்பை மையத் தகவல் மேலாண்மையோடு இணைப்பது கணினிக் காலத்தின் புதுமை என்றே பெரும்பாலும் கருதப்படுகின்றது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இம்முயற்சி 1852 முதலே நடந்து வந்துள்ளது. தீயறிவிப்புத் தந்தி, திருட்டு எச்சரிக்கை மைய நிலையம், 1990ஆம் ஆண்டின் அருங்காட்சியகத் திருட்டு, 2001ஆம் ஆண்டின் விமான நிலைய நிகழ்வுகள், 2013ஆம் ஆண்டின் குண்டுவெடிப்புப் புலனாய்வு ஆகியவற்றை ஒரே வரலாற்றுத் தொடராக இக்கட்டுரை வாசிக்கின்றது. மையம் எங்கே அமைந்திருந்தது, செய்தியைப் பெற்றவருக்குச் செயற்படும் அதிகாரம் இருந்ததா என்னும் இரு கேள்விகளே ஒருங்கிணைப்பின் பயனைத் தீர்மானித்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: பௌதிகப் பாதுகாப்பு, மைய நிலையம், தந்தி, தகவல் மேலாண்மை, பாஸ்டன், தொழில்நுட்ப வரலாறு.

முன்னுரை

ஒரு பெரிய நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறைக்குள் இன்று நுழைபவர், சுவர் முழுதும் திரைகளைக் காண்பார். எந்தக் கதவு எப்போது திறந்தது, யாருடைய அட்டை அதைத் திறந்தது, எந்த உணரி அசைவை அறிந்தது, அவ்விடத்துக் கேமரா என்ன காட்டுகின்றது என்னும் செய்திகள் யாவும் ஒரே மென்பொருளில் வந்து சேர்கின்றன. ஏறத்தாழ 2005ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் பாதுகாப்புத் துறையினர் இவ்வகை மென்பொருளுக்குத் தனிப்பெயர் சூட்டினர். பௌதிகப் பாதுகாப்புத் தகவல் மேலாண்மை என அதனைத் தமிழில் வழங்கலாம். இத்துறை சார்ந்த எழுத்துகள் பெரும்பாலும் விற்பனையாளரும் பொறியாளரும் எழுதியவை. அவற்றில் வரலாறு என்பது ‘முன்பு தனித்தனியாக இருந்தன, இப்போது இணைந்துள்ளன’ என்னும் ஒற்றை வரியோடு முடிந்துவிடுகின்றது.

அவ்வரி வரலாற்றுக்குப் பொருந்தவில்லை. வெவ்வேறு இடங்களில் உள்ள கருவிகளைக் கம்பியால் ஓரிடத்தில் இணைத்து, அங்கு வரும் குறியீட்டைப் பட்டியலோடு ஒப்பிட்டு, உரிய ஆளை உரிய இடத்துக்கு அனுப்பும் முறை கணினிக்கு ஒரு நூற்றாண்டு முன்பே முழு வடிவம் பெற்றிருந்தது. அதன் தொடக்ககால வரலாற்றின் பெரும்பகுதி பாஸ்டன் நகரில் நிகழ்ந்தது. பிற்காலத்தில் அம்முறையின் பெருந்தோல்விகள் சிலவும் அதே நகரில் நிகழ்ந்தன. இப்பொருத்தம் தற்செயலானதே. எனினும், ஒரே நகரைத் தொடர்ந்து நோக்குவதால் கருவிகளின் மாற்றத்தையும், மாறாது தொடர்ந்த சிக்கலையும் பிரித்தறிய முடிகின்றது.

சானிங்கின் நரம்பு மண்டலம்

வில்லியம் பிரான்சிஸ் சானிங் மருத்துவம் பயின்றவர். ஆனால் அத்தொழிலை மேற்கொள்ளாமல் மின்னியலில் ஈடுபட்டவர். மோர்சின் தந்தி வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே செய்தி சுமந்து ஓராண்டே ஆகியிருந்த நிலையில், 1845 ஜூன் மாதம் பாஸ்டன் நாளிதழொன்றில் அவர் ஒரு திட்டத்தை வெளியிட்டார். தந்தியை ஊருக்கும் ஊருக்கும் இடையே மட்டுமன்றி, ஒரே நகரின் தெருக்களுக்குள்ளும் தீயை அறிவிக்கப் பயன்படுத்தலாம் என்பதே அத்திட்டம். அக்காலத்தில் தீயைக் கண்டவர் கூவிக்கொண்டு ஓடுவார். யாரேனும் தேவாலய மணியை அடிப்பார். மணியோசையும் வானில் தெரியும் ஒளியுமே தீயணைப்போருக்கு வழிகாட்டி. தீ எரிகிறது என்பது விரைவில் தெரிந்துவிடும். எங்கே எரிகிறது என்பதை அறியத்தான் நேரம் கழியும்.

மோசஸ் பார்மர் என்னும் தந்திப் பொறியாளரின் துணையோடு சானிங் அத்திட்டத்தைக் கருவியாக்கினார். 1851இல் நகர ஆட்சி 10,000 டாலர் ஒதுக்கியது. 1852 ஏப்ரல் 28 அன்று அமைப்பு இயங்கத் தொடங்கியது. தெருமுனைகளில் இரும்புப் பெட்டிகள் பொருத்தப்பட்டன. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு பல்சக்கரம் இருந்தது. கைப்பிடியைச் சுழற்றினால், சக்கரத்தின் பற்கள் அமைந்த முறைக்கேற்ப மின்சுற்று விட்டுவிட்டு இயங்கி, வட்டார எண்ணையும் பெட்டி எண்ணையும் மைய அலுவலகத்துக்கு அனுப்பும். சுழற்றுபவர் தந்திக் குறியீட்டை அறிந்திருக்க வேண்டுவதில்லை. இடத்தின் பெயரைச் சொல்லவும் வேண்டுவதில்லை. இடம் பற்றிய தகவல் கருவியின் உடலிலேயே செதுக்கப்பட்டிருந்தது. இன்றைய மென்பொருளில் ஒவ்வொரு கதவுக்கும் கேமராவுக்கும் தனி அடையாள எண் வழங்கி, அதனை வரைபடத்தோடு பொருத்துகின்றனர். அச்செயலின் முதல் வடிவத்தை இப்பல்சக்கரத்தில் காணலாம்.

இவ்வமைப்பில் நம் கவனத்துக்கு உரியது அதன் மறுபாதி. மையத்தில் இருந்த தந்தியாளர் செய்தியைப் பெற்றவுடன், வேறொரு மின்சுற்றின் வழியாக நகரின் பெருமணிகளை அங்கிருந்தே ஒலிக்கச் செய்வார். மணிகள் வட்டார எண்ணை ஒலிக்கும். பெட்டிகளுக்குள் இருந்த சிறு கருவி பெட்டி எண்ணைத் தட்டிக் காட்டும். மணியோசை கேட்ட தீயணைப்போர் அருகிலுள்ள பெட்டியைத் திறந்து எண்ணைக் கேட்டறிந்து, சரியான இடத்துக்கு விரைவர். செய்தி உள்ளே வரும் சுற்று ஒன்று, ஆணை வெளியே செல்லும் சுற்று மற்றொன்று. 1855 மார்ச் மாதத்தில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் ஆற்றிய உரையில் சானிங் இதனை மனித உடலின் நரம்பு மண்டலத்தோடு ஒப்பிட்டார். உணர்ச்சியை மூளைக்குக் கொண்டு செல்லும் நரம்புகள் ஒரு வகை. மூளையின் ஏவலைத் தசைக்குக் கொண்டு செல்லும் நரம்புகள் மறு வகை. மருத்துவம் பயின்றவருக்கு இவ்வுவமை இயல்பாகவே தோன்றியிருக்கும். ஆயினும் அதனை வெறும் உவமையாகக் கொள்வதற்கில்லை. அது அவ்வமைப்பின் வரைவுக் கோட்பாடு. செய்தி வந்து சேர்வதோடு வேலை முடிவதில்லை என்பதும், செயலைத் தொடங்கும் கம்பியும் அதே மேசையிலிருந்து புறப்பட வேண்டும் என்பதும் அதன் உட்கிடை. கட்டுரையின் பிற்பகுதியில் வரும் நிகழ்வுகளை அளப்பதற்குரிய கோலாக இக்கோட்பாட்டையே கொள்ளலாம்.

பூட்டிய பெட்டிகள்

சானிங்கும் பார்மரும் 1857இல் காப்புரிமை பெற்றனர்; பின்னர் உரிமைகள் தென் கரோலினாவைச் சேர்ந்த ஜான் கேம்வெல்லிடம் சென்றன. அவர் பெயரால் இவ்வமைப்பு அமெரிக்க நகரங்கள் பலவற்றில் பரவியது. அவ்வணிக வரலாறு தனியே எழுதத்தக்கது. இங்கு வேண்டுவது 1872 நவம்பர் 9 அன்று பாஸ்டனில் நடந்தது.

அன்று மாலை சம்மர் தெருவும் கிங்ஸ்டன் தெருவும் கூடும் இடத்தில், ஒரு வணிகக் கட்டடத்தின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. மறுநாள் அடங்குவதற்குள் அது ஏறத்தாழ 65 ஏக்கர் நிலப்பரப்பில் 776 கட்டடங்களை அழித்துவிட்டது. அவ்வழிவுக்குக் காரணங்கள் பல. அந்த இலையுதிர் காலத்தில் வட அமெரிக்காவெங்கும் குதிரைகளைப் பீடித்த தொற்றுநோயால் தீயணைப்பு வண்டிகளை ஆட்களே இழுக்க வேண்டியிருந்தது. மரச்சட்டங்களால் அமைந்த மேற்கூரைகள் தீயைக் கட்டடத்திலிருந்து கட்டடத்துக்குக் கடத்தின. குழாய்களில் நீரின் அழுத்தம் போதவில்லை. தீயணைப்புத் தலைவர் ஜான் டாம்ரெல் அவ்வணிகப் பகுதியின் நீர்க்குழாய்களைப் பற்றி முன்னரே எச்சரித்திருந்தார்.

இவற்றோடு நம் பொருளுக்கு நேரே உரிய காரணம் ஒன்றும் உண்டு. அந்நாளில் தீயறிவிப்புப் பெட்டிகள் பூட்டப்பட்டிருந்தன. பொய்யறிவிப்புகளைத் தடுக்கும் பொருட்டு, சாவிகள் காவலரிடமும் அருகில் வசித்த நம்பிக்கைக்குரியோர் சிலரிடமும் மட்டுமே கொடுக்கப்பட்டிருந்தன. தெருவில் நின்றவர்கள் தீயைக் கண்டனர், பெட்டியையும் கண்டனர், திறக்க இயலவில்லை. சாவியுடைய காவலர் வந்து 52ஆம் எண் பெட்டியைத் திறந்த பின்னரே மையத்துக்குச் செய்தி சென்றது. கம்பியில் பழுதில்லை, மையமும் விழித்தே இருந்தது. தகவல் அமைப்பின் வாயிலில் பொருத்திய பூட்டு ஒன்றே தகவலைத் தடுத்து நிறுத்திற்று.

இப்பூட்டை மடமை என்று எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஒவ்வொரு பொய்யறிவிப்பும் குதிரைகளையும் ஆட்களையும் களைப்படையச் செய்து, உண்மையான தீயிலிருந்து அவர்களை விலக்கி வைத்தது. இன்றைய கட்டுப்பாட்டு அறைகளிலும் காற்றில் அசையும் திரைச்சீலையும் உணரியின் கண்ணில் ஊரும் சிலந்தியும் எழுப்பும் பொய்யறிவிப்புகளே பணியாளரை மரத்துப்போகச் செய்கின்றன. தீயறிவிப்புப் பெட்டிகள் பின்னாளில் எவரும் திறக்கத்தக்கனவாக மாற்றப்பட்டன. பொய்யறிவிப்பின் இழப்பைச் சுமப்பதா, மெய்யறிவிப்பின் தாமதத்தைச் சுமப்பதா என்ற தேர்வில் நகரங்கள் முன்னதை ஏற்றுக்கொண்டன என்பதே அம்மாற்றத்தின் பொருள்.

ஹோம்சின் கம்பிகள்: இரவில் காவல், பகலில் பேச்சு

தீயறிவிப்பு நகர ஆட்சியின் பணியாக வளர்ந்தது. திருட்டு எச்சரிக்கை தனியார் வணிகமாக வளர்ந்தது. பாஸ்டனை அடுத்த சாமர்வில்லில் வாழ்ந்த அகஸ்டஸ் போப் 1853 ஜூன் 21 அன்று மின்காந்த எச்சரிக்கை மணிக்குக் காப்புரிமை பெற்றார். கதவோ சாளரமோ திறந்தால் மின்சுற்று மூடி, மணி ஒலிக்கும். போப்பின் உரிமையை எட்வின் ஹோம்ஸ் 1857இல் வாங்கினார். சில ஆண்டுகளில் தொழிலின் தலைமையிடத்தை நியூயார்க்குக்கு மாற்றினார். பாஸ்டன் கிளையை அவருடைய மகன் எட்வின் தாமஸ் ஹோம்ஸ் நடத்தினார்.

தொடக்கத்தில் மணி வீட்டுக்குள்ளேயே, உரிமையாளரின் படுக்கையருகே ஒலித்தது. வீடு வெறுமையாக இருந்தால் அதனால் பயனில்லை. வங்கிகளும் நகைக் கடைகளும் இரவில் வெறுமையாகவே இருப்பவை. எனவே 1870களில் கம்பிகள் கட்டடத்தைக் கடந்து வெளியே சென்று மைய நிலையத்தை அடைந்தன. இது சிறிய மாற்றம் போல் தோன்றினும், பாதுகாப்பின் அமைப்பையே திருப்பிப்போட்ட மாற்றம் என்பது என் கருத்து. கதவை உடைப்பவன் அக்கட்டடத்தில் உள்ள யாவற்றையும் கைப்பற்றலாம். ஆனால் அவன் வரவை அறிந்தவர் வேறொரு தெருவில் இருக்கிறார். அவரை அவனால் அச்சுறுத்தவோ கட்டிப்போடவோ இயலாது.

மைய நிலையத்தின் பணி மணியோசைக்குக் காத்திருப்பதோடு முடியவில்லை. ஒவ்வொரு வாடிக்கையாளரும் எப்போது கடையைத் திறப்பார், எப்போது மூடுவார் என்னும் நேரப் பட்டியல் அங்கே வைக்கப்பட்டது. உரிய நேரத்தில் கதவு திறந்தால் அது வழக்கமான நிகழ்வு. நள்ளிரவில் திறந்தால் ஆள் விரைவான். மூட வேண்டிய நேரத்தில் மூடும் குறிப்பு வராவிட்டாலும் விசாரணை நடக்கும். கம்பி தருவது வெறும் துடிப்பு. அது குற்றமா வழக்கமா என்பதைப் பதிவேடே சொல்கின்றது. மின்னணு உணரிகளையும் பணியாளர் நேர அட்டவணையையும் மென்பொருள் இன்று இணைப்பதற்கும் இதற்கும் கோட்பாட்டளவில் வேறுபாடில்லை.

1877இல் இளைய ஹோம்ஸ் மேலும் ஓர் அடி முன்வைத்தார். பெல்லும் வாட்சனும் தொலைபேசியை உருவாக்கிய சார்லஸ் வில்லியம்சின் பட்டறை பாஸ்டன் கோர்ட் தெருவில் இருந்தது. அதனோடு தொழில் தொடர்பு கொண்டிருந்த ஹோம்ஸ், தம் எச்சரிக்கைக் கம்பிகள் பகல் முழுதும் வேலையின்றிக் கிடப்பதைக் கருதினார். அவ்வாண்டு மே மாதம் வாஷிங்டன் தெருவிலிருந்த தம் அலுவலகத்தில் ஓர் இணைப்புப் பலகையை அமைத்து, சில வங்கிகளை அதே கம்பிகளின் வழியே பேசச் செய்தார். பகலில் அக்கம்பிகள் தொலைபேசிக்கு. இரவில் திருட்டு எச்சரிக்கைக்கு. தொலைபேசி இணைப்பகத்தின் முதல் முன்மாதிரிகளுள் ஒன்றாக இது வரலாற்று நூல்களில் இடம்பெறுகின்றது. இளைய ஹோம்ஸ் 1917இல் வெளியிட்ட தம் நினைவு நூலிலும் இதனை விரிவாகக் கூறியுள்ளார். பாதுகாப்புக்கெனப் போட்ட கம்பியே தகவல் தொடர்பின் முதற்கம்பிகளுள் ஒன்றானது என்பதால், பாதுகாப்புத் துறை தகவல் துறையோடு ‘பின்னர் வந்து இணைந்தது’ என்னும் கதையைத் திருத்த வேண்டியுள்ளது.

இதே காலத்தில் காவலரைக் கண்காணிக்கும் கருவியும் பரவியது. ஜெர்மானிய நாடான வுர்ட்டெம்பர்க்கைச் சேர்ந்த யோஹன்னஸ் பியுர்க் 1855இல் கையில் எடுத்துச் செல்லும் காவற்கடிகாரத்தை உருவாக்கினார். காவலர் தம் சுற்றில் ஒவ்வோர் இடத்திலும் கட்டி வைத்திருக்கும் சாவியைக் கடிகாரத்தில் நுழைத்துத் திருப்ப வேண்டும்; உள்ளிருக்கும் தாளில் நேரமும் இடமும் பதியும். மறுநாள் காலை முதலாளி அத்தாளை எடுத்துப் பார்ப்பார். பாஸ்டனில் ஹோவர்ட் நிறுவனமும் இவ்வகைக் கடிகாரங்களைச் செய்து விற்றது. சானிங்கின் பெட்டியும் ஹோம்சின் கம்பியும் உடனடிச் செயலை நோக்கியவை. காவற்கடிகாரமோ பின்னோக்கிய கணக்கு. இரவில் என்ன நேர்ந்தாலும் அது யாரையும் எழுப்பாது; காவலர் உறங்கினாரா என்பதை மட்டும் விடிந்தபின் சொல்லும். பதிவு வேறு, அறிவிப்பு வேறு என்னும் இப்பிரிவை மனங்கொண்டு 1990ஆம் ஆண்டுக்கு வருவோம்.

எண்பத்தொரு நிமிடங்கள்

இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகம் 1903இல் திறக்கப்பட்டது. தாம் அடுக்கிய கலைப்பொருட்களின் அமைப்பை மாற்றலாகாது என்று அவ்வம்மையார் தம் உயிலில் எழுதி வைத்தார். பாஸ்டனின் தீயறிவிப்பு மைய அலுவலகம் 1920களில் பென்வே சாலைக்குக் குடிபெயர்ந்தது. அருங்காட்சியகமும் அச்சாலையிலேயே உள்ளது.

1990 மார்ச் 18 அதிகாலை 1.24 மணியளவில், காவலர் சீருடை அணிந்த இருவர் பணியாளர் வாயிலில் அழைப்பு மணியை அழுத்தினர். ஏதோ கலவரம் பற்றி விசாரிக்க வந்திருப்பதாகக் கூறினர். கதவைத் திறக்கும் பொத்தான் உள்ளே இருந்த காவல் மேசையில் இருந்தது, கதவு திறந்தது. காவல்துறைக்கு நேரே செய்தி அனுப்பும் பொத்தானும் அம்மேசையில்தான் இருந்தது. கட்டடம் முழுமைக்கும் அத்தகைய பொத்தான் அது ஒன்றே. வந்தவர்கள் காவற்பணியாளரை மேசையைவிட்டு வெளியே வரச் செய்தனர். பின்னர் இரு காவற்பணியாளரும் கட்டப்பட்டு, நிலவறையில் விடப்பட்டனர்.

அதன்பின் அக்கட்டடத்தின் மின்னணு அமைப்பு தன் வேலையைச் செவ்வனே செய்தது. அகச்சிவப்பு அசைவுணரிகள் திருடர் எந்த அறைக்கு எப்போது சென்றனர் என்பதை ஒவ்வோர் அடியாகப் பதிவுசெய்தன. ஓர் ஓவியத்தை நெருங்கியபோது அருகில் இருந்த கருவி ஒலியெழுப்பியது. அவர்கள் அதனை உடைத்து அடக்கினர். ரெம்பிரான்ட்டின் கடற்காட்சி, வெர்மேரின் ‘இசைக்கச்சேரி’, மானேயின் ‘ஷே டோர்டோனி’, டெகாவின் வரைபடங்கள் ஐந்து உட்படப் பதின்மூன்று பொருட்களை எடுத்துக்கொண்டு 81 நிமிடங்களுக்குப் பின் வெளியேறினர். செல்லுமுன் கேமராவின் ஒளிப்பேழையையும் அசைவுப் பதிவின் அச்சுத்தாளையும் கைப்பற்றினர். கணினியின் வன்தட்டில் இருந்த பதிவு மட்டும் தப்பியது. அதனால்தான் அவர்களின் நடமாட்டத்தை நாம் இன்று நிமிடக் கணக்கில் அறிகிறோம். காலை எட்டு மணிக்குப் பிறகே உண்மையான காவல்துறையினர் வந்து கட்டுண்டிருந்தோரை விடுவித்தனர்.

இந்நிகழ்வைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கதவைத் திறந்தவரின் பிழையையே சுற்றி வருகின்றன. அந்நோக்கு எனக்கு உடன்பாடன்று. இரவுப் பணியில் குறைந்த ஊதியத்துக்கு அமர்த்தப்படும் ஓர் இளம் பணியாளர், சீருடை அணிந்த இருவரை மறுத்து நிற்பார் என்னும் எதிர்பார்ப்பின்மீது ஒரு கட்டடத்தின் காவலனைத்தையும் ஏற்றி வைத்தது அமைப்பை வரைந்தவர்களின் தெரிவு. உணரிகள் யாவும் ஒரு மேசையில் இணைந்திருந்தன. அம்மேசை கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. மேசை கைப்பற்றப்பட்டவுடன், கருவிகள் அனைத்தும் தம் செய்தியை ஆளில்லாத அறைக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. நூறாண்டுக்கும் முன்னர் அதே நகரில் மையத்தைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுசென்ற ஹோம்சின் ஏற்பாடு இங்கே பின்பற்றப்படவில்லை. அசைவுணரிக்கும் காவல்துறைக்கும் இடையே கம்பி இல்லை. இருவரையும் இணைத்தது ஒரு மனிதரின் விரல் மட்டுமே. சானிங்கின் சொற்களில் கூறுவதாயின், உணர்ச்சி நரம்புகள் நிறைந்திருந்தன. ஏவல் நரம்பு ஒன்றே ஒன்று. விலையுயர்ந்த மின்னணுக் கருவிகள் அவ்விரவில் பியுர்க்கின் காவற்கடிகாரத்தைப் போன்றே பயன்பட்டன. விடிந்தபின் படிப்பதற்கு ஒரு பதிவைத் தந்தன.

அப்பதிவும் முழுமையாகப் பேசவில்லை. மானேயின் ஓவியம் இருந்த அறையில் திருடர் இருந்த நேரத்தில் அசைவு எதுவும் பதிவாகவில்லை. இதற்கு உறுதியான விளக்கம் இன்றுவரை கிடைக்கவில்லை. பதின்மூன்று பொருட்களில் ஒன்றும் மீளவில்லை. உயிலின் விதிப்படி சுவரமைப்பு மாற்றப்படாததால் வெற்றுச் சட்டங்கள் அங்கேயே தொங்குகின்றன.

லோகன் விமான நிலையம்: அறிந்த கணினி, அறியாத வாயில்

2001 செப்டம்பர் 11 அன்று உலக வணிக மையத்தின்மீது மோதிய இரு விமானங்களும் பாஸ்டனின் லோகன் நிலையத்திலிருந்து புறப்பட்டவை. அந்நாளைப் பற்றிய ஆய்வுக்குழு 2004 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையில் நம் பொருளுக்கு உரிய ஒரு செய்தி உண்டு. பயணிகளுள் கூடுதல் கவனத்துக்கு உரியோரைத் தேர்ந்தெடுக்கும் கணினி அமைப்பு ஒன்று அப்போதே இயங்கி வந்தது. முதல் விமானத்தைக் கடத்திய ஐவருள் ஒருவரை அது மெய்ன் மாநிலத்தின் போர்ட்லாந்திலும், மேலும் மூவரைப் பாஸ்டனிலும் அன்று காலை தேர்ந்தெடுத்தது. கணினி தன் கணிப்பில் தவறவில்லை.

ஆனால் அத்தேர்வின் விளைவு அவர்கள் ஒப்படைத்த பெட்டிகளைக் கையாளும் முறையை மட்டுமே மாற்றியது. ஆய்வு வாயிலில் நின்ற பணியாளர் அவர்களை மற்றப் பயணியரைப் போலவே நடத்தினர். வேறாக நடத்துமாறு விதி அவர்களைப் பணிக்கவில்லை. குண்டு வைத்தவர் விமானத்தில் ஏறமாட்டார் என்னும் பழைய அனுபவத்தின் அடிப்படையில் அவ்விதி அமைந்திருந்தது. எனவே பெட்டியின் உரிமையாளர் ஏறிவிட்டாரா என்பதை உறுதிசெய்வதே போதுமெனக் கருதப்பட்டது. லோகனின் ஆய்வு வாயில்களில் கண்காணிப்புக் கேமராக்களும் இல்லை. அதனால் அவர்கள் அவற்றைக் கடந்து சென்ற காட்சிக்குப் பதிவே கிடையாது. கார்ட்னர் நிகழ்வில் பதிவு இருந்தும் செயல் இல்லை. இங்கே ஒரு கணினியின் அறிவுக்கும் சில அடி தொலைவில் இருந்த வாயிலுக்கும் இடையே தொடர்பே இல்லை. அத்தொடர்பைத் தடுத்தது தொழில்நுட்பக் குறை என்று சொல்வதற்கில்லை. ஒரு பெயரை ஒரு வாயிலுக்கு அனுப்பும் வழி அப்போது அரிதான ஒன்றன்று. அனுப்ப வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை.

அறிக்கை வெளிவந்த அடுத்த மாதம், 2004 ஆகஸ்டு 27 அன்று, அமெரிக்கக் கூட்டாட்சி அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அரசு ஊழியரும் ஒப்பந்தப் பணியாளரும் அரசுக் கட்டடங்களுக்குள் நுழைவதற்கும் அரசுக் கணினிகளுக்குள் நுழைவதற்கும் ஒரே செந்தரத்திலான அடையாள அட்டையைப் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். அதற்குரிய தொழில்நுட்பச் செந்தரம் 2005 பிப்ரவரியில் வெளியானது. வாயிற்காவலும் கணினிக் காவலும் அதுவரை இருவேறு அலுவலகங்களின் பொறுப்பாகவே இருந்து வந்தன. ஒருவர் பணிநீங்கினால் அவருடைய கடவுச்சொல்லை ஒரு பிரிவும் சாவியை வேறொரு பிரிவும் திரும்பப் பெற வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே பதிவின்கீழ்க் கொணரும் கட்டாயம் அவ்வாணையால் எழுந்தது.

கருவிகளின் பக்கத்திலும் அதற்கான நிலம் பண்பட்டிருந்தது. 1996இல் சுவீடனின் ஆக்சிஸ் நிறுவனம் கணினி வலையமைப்பில் நேரே இணையும் கேமராவை விற்பனைக்குக் கொணர்ந்தது. 2008இல் ஆக்சிஸ், போஷ், சோனி ஆகிய மூன்று நிறுவனங்களும் வெவ்வேறு நிறுவனங்களின் வலைக்கேமராக்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொதுச் செந்தர அமைப்பைத் தொடங்கின. இவற்றுக்கிடையே உருவானதே முன்னுரையில் சுட்டிய மென்பொருள். அது பல கருவிகளின் செய்திகளைத் திரட்டி, தொடர்புடையவற்றை இணைத்து, அருகிலுள்ள கேமராவின் காட்சியைத் தானே திரைக்குக் கொணரும், அடுத்து யாரை அழைப்பது, எந்தக் கதவை மூடுவது என்னும் படிநிலைகளைப் பணியாளருக்குக் காட்டும், செய்தவற்றைப் பதிந்துகொள்ளும். இப்படிநிலைகளே அம்மென்பொருளின் உயிர்ப்பகுதி. சானிங்கின் இரண்டாம் மின்சுற்று இங்கே எழுத்துவடிவில் மீண்டும் வருகின்றது. நடைமுறையில் நிறுவனங்கள் கேமராக்களின் எண்ணிக்கையில் காட்டும் அக்கறையை இப்படிநிலைகளை எழுதுவதில் காட்டுவதில்லை.

2013: கண்டது யார்?

2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தின் முடிவுக்கோட்டருகே இரு குண்டுகள் வெடித்தன. மூவர் இறந்தனர்; இருநூற்றறுபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அத்தெருவில் கேமராக்களுக்குக் குறைவில்லை. கடைகளின் கேமராக்கள், ஊடகங்களின் படங்கள், பார்வையாளர் கைப்பேசியில் எடுத்தவை எனப் பதிவுகள் மலைபோல் குவிந்தன. அவை எந்த மையத்திலும் இணைந்தவையல்ல. புலனாய்வாளர் கடை கடையாகச் சென்று திரட்ட வேண்டியிருந்தது. பொதுமக்களிடமும் கேட்டுப் பெற்றனர். பின்னர் மனிதர்கள் அமர்ந்து அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தனர். பாயில்ஸ்டன் தெருவில் இருந்த ஒரு பல்பொருள் அங்காடியின் கேமராப் பதிவு அவற்றுள் முதன்மையான சான்றாயிற்று. மூன்றாம் நாள், ஏப்ரல் 18 மாலை, ஐயத்துக்குரிய இருவரின் படங்கள் பெயரின்றி வெளியிடப்பட்டன.

பெயரின்றி வெளியிடப்பட்டன என்பது இங்கே முதன்மையானது. அவ்விருவரின் படங்களும் அரசுத் தரவுத்தளங்களில் இருந்தன; எனினும் முகமறிதல் மென்பொருள் அவர்களை அடையாளம் காணவில்லை என்று அப்போதைய பாஸ்டன் காவல் ஆணையர் எட்வர்ட் டேவிஸ் பின்னர் தெரிவித்தார். கேமரா, படம், தரவுத்தளம், மென்பொருள் ஆகிய நான்கும் இருந்தும் அவற்றுக்கிடையே பொருத்தம் நிகழவில்லை. உயரத்திலிருந்து எடுத்த தெளிவற்ற படத்தை நேர்நோக்கிய அடையாளப் படத்தோடு ஒப்பிடுவது அன்றைய மென்பொருளுக்குக் கடினம் என்பது தொழில்நுட்ப விளக்கம். வரலாற்று நோக்கில் இதில் வேறொன்றும் புலப்படுகின்றது. சானிங்கின் பெட்டி தன் எண்ணை மட்டுமே அனுப்பியது. அது என்ன சொல்கிறது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. கேமராவோ எல்லாவற்றையும் அனுப்புகின்றது. எது செய்தி என்பதை அது சொல்வதில்லை. மையத்துக்கு வந்து சேரும் தகவலின் அளவு பெருகப் பெருக, அதனைச் செய்தியாக்கும் சுமை மீண்டும் மனிதக் கண்ணின்மேலேயே விழுந்தது.

படங்கள் வெளியான அன்றிரவு எம்ஐடி வளாகக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். நள்ளிரவுக்குப் பின் வாட்டர்டவுனில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் ஐயத்துக்குரிய இருவருள் மூத்தவர் இறந்தார். அவர் இன்னாரென அதன் பின்னரே தெரிந்தது. உடலின் விரல்ரேகையைக் கொண்டு அடையாளம் காணப்பட்டார்.